முப்பத்தாறு ரயில்கள்

பெயர்ப் பட்டியலை வைத்துத்தான் ஓடெகார்ட் ஜோடி சேர்த்தார். யாரையும் நோகடிக்கும் எண்ணம் அந்த மனிதருக்கு இல்லை. வாரத்துக்கு மூன்று கல்லூரிகளுக்குக் காரோட்டிப் போய்ப் புள்ளியியல் நடத்துகிறவர். மதியச் சாப்பாடும் அந்தக் காரிலேயே முடிந்துவிடும். இருபத்திரண்டு பேரின் முகத்தைப் பார்த்து யாருக்கு யார் ஒத்துப்போவார்கள் என்று யோசிக்க அவருக்கு ஏது நேரம்? பட்டியலில் அடுத்தடுத்து இருந்த பெயர்களை இரண்டிரண்டாக வாசித்துக்கொண்டே போனார்.

"ஹ்ருஸ்கா மார்லிஸ், ஹ்ருஸ்கா ரெனே. அட, அக்கா தங்கச்சியா? நல்லதாப் போச்சு, வீட்லயே உக்காந்து ப்ராஜெக்ட முடிச்சிரலாம்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நெப்ராஸ்காவில் அது ஒரு சின்ன ரயில்வே ஊர். அங்கே யார் யாருக்கு என்ன உறவு என்பது ஓடெகார்டைத் தவிர எல்லாருக்கும் தெரியும். சரக்கு ரயில் ஓட்டும் டுவைன் ஹ்ருஸ்காவோடு இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் மார்லிஸ். நாலு வருஷத்துக்கு முன்னால் டுவைன் அவளை விட்டுவிட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டது ரெனேயை. மணவிலக்கு ஆன பிறகு பழைய பெயருக்கு மாற எத்தனை படிவம் நிரப்ப வேண்டும் என்று பார்த்த மார்லிஸ், சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டாள். அந்தச் சோம்பலின் பலன் இப்போது மூன்று மேசை தள்ளி, கழுத்து வரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தது.

வகுப்பு முடிந்ததும் மார்லிஸ் அவரிடம் போனாள். "சார், என்னை வேற யார்கூடயாவது போட முடியுமா?"

"ஏன், ஏதாவது பிரச்சினையா?"

சொல்ல ஆரம்பித்தால் இருபத்தாறு வருஷத்தைச் சொல்ல வேண்டும். அவள் அன்று விடிவதற்கு முன்னால் எழுந்தவள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அறுபத்தெட்டுப் பேருக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி, யாருக்கு உப்பு கூடாது, யாருக்குச் சர்க்கரை கூடாது என்று தட்டுத் தட்டாகப் பார்த்து அனுப்பிவிட்டு வந்திருந்தாள். முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன.

"ஒண்ணுமில்ல சார். விடுங்க" என்றாள்.

ஐம்பத்திரண்டு வயதில் அவள் இந்த வகுப்புக்கு வந்ததற்குக் காரணம் அந்தத் தட்டுகள்தான். உணவுத் திட்டம் போடுகிற மேற்பார்வையாளர் வேலைக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்குப் புள்ளியியலில் தேற வேண்டும். அது கிடைத்தால் நாளெல்லாம் நிற்க வேண்டாம், நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். போன வருஷம் ஒருமுறை எழுதித் தோற்றிருந்தாள். ரெனேக்கு வயது முப்பத்தெட்டு. மருத்துவமனையில் உதவியாளர். நர்ஸ் படிப்பில் சேர அவளுக்கும் இதே பாடம் தேவையாக இருந்தது.

ப்ராஜெக்ட் என்னவோ சுலபமானதுதான். ஊரில் ஏதாவது ஒன்றைக் குறைந்தது முப்பத்தாறு தடவை அளக்க வேண்டும். சராசரி, திட்டவிலக்கம் பார்த்து, உண்மையான சராசரி எங்கே இருக்கலாம் என்பதற்குத் தொண்ணூற்றைந்து சதவீத நம்பிக்கை இடைவெளி ஒன்று போட்டுக்காட்ட வேண்டும்.

"எல்ம் தெரு ரயில்வே கேட் எவ்வளவு நேரம் மூடியிருக்குன்னு பாக்கலாமா?" என்று ரெனே கேட்டாள். தரையைப் பார்த்துத்தான் கேட்டாள். "இந்த ஊர்ல பாதி ஆயுசு அங்கதான போகுது."

"சரி. ஞாயித்துக்கிழமை பத்து மணி. என் வண்டியில உக்காந்துக்கலாம். உன் காப்பிய நீ கொண்டு வந்துரு."

சொன்னபடி ரெனே தன் காப்பியைத் தானே கொண்டுவந்தாள். சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்ததும் கடிகாரத்தை அழுத்துவது ரெனேயின் வேலை. கம்பம் மேலே ஏறி விளக்கு அணைந்ததும் நேரத்தை நோட்டில் எழுதுவது மார்லிஸின் வேலை. நிலக்கரி ஏற்றிய ரயில் ஐந்து நிமிடம் எடுத்தது. பெட்டி இல்லாமல் தனியாக ஓடிய இன்ஜின் ஒன்று நாற்பது நொடியில் போய்விட்டது. இன்னொன்று பாதி தெருவை அடைத்துக்கொண்டு என்ன காரணமோ அப்படியே நின்று, பதினொரு நிமிடம் கழித்து நகர்ந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரனை அடித்துத் தீர்த்தார்கள். ஒரு ரயிலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம்.

ஐந்தாவது ரயில் போன பிறகு ரெனே சொன்னாள்: "என்னைத் திட்டணும்னா இப்பத் திட்டிருங்க மார்லிஸ். அடுத்தது வர இருபது நிமிஷம் இருக்கு."

மார்லிஸ் யோசித்துப் பார்த்தாள். நாலு வருஷமாகக் குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் மெருகேற்றி மெருகேற்றி வைத்திருந்த வசனங்கள் எத்தனையோ உண்டு. ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை.

"திட்டறதுக்குத் தெம்பு வேணும்டி. வாரம் பூரா அடுப்படியில நின்னவ நான். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

ரெனேக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

அதன் பிறகு கொஞ்சம் சுலபமாயிற்று. வீட்டுக்கணக்கையும் அங்கேயே வைத்துக்கொண்டு போடத் தொடங்கினார்கள். மார்லிஸுக்கு இயல்நிலைப் பரவல் கணக்கு என்றாலே தலை கிறுகிறுக்கும். ஒரு தொழிற்சாலை பல்புகளின் சராசரி ஆயுள் ஆயிரத்து இருநூறு மணி, திட்டவிலக்கம் எண்பது மணி, ஆயிரத்து நூறுக்கும் ஆயிரத்து முந்நூறுக்கும் நடுவே அணையும் பல்பு எத்தனை சதவீதம்?

"எந்த பல்பு? எந்த ஊர்ல? ஒவ்வொண்ணையும் எரியவிட்டுப் பாத்துட்டு உக்காந்திருந்தானா ஒருத்தன்?" என்று எரிந்து விழுந்தாள் மார்லிஸ்.

"பல்பை விடுங்க. முதல்ல மணி மாதிரி ஒரு படம் போடுங்க. நடுவுல சராசரி. உங்களுக்கு எந்தப் பக்கம் வேணுமோ அங்க பென்சில்ல தீட்டுங்க. புத்தகத்துல இருக்கற அட்டவணை எப்பவுமே இடதுபக்கம் இருக்கறத மட்டுந்தான் சொல்லும். மேல் எல்லைக்கு வர்றதுலேருந்து கீழ் எல்லைக்கு வர்றதக் கழிச்சிட்டா நடுவுல இருக்கறது கெடச்சிரும்."

"கேட்டாப் புரியுது. பேனாவ எடுத்தா மறந்து போகுது."

"எனக்கு மட்டும் என்ன? ராத்திரி டியூட்டி பாத்துட்டு வந்தா என் பேரே எனக்கு மறந்துபோகுது."

இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் இருபத்து நாலு ரயில் ஆயிற்று. சராசரி நாலு புள்ளி ஒன்று நிமிடம், திட்டவிலக்கம் இரண்டு நிமிடம். மூன்றாவது ஞாயிறு சமையலறையில் ஒருத்தி வராமல் போனதால் மார்லிஸை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்த பன்னிரண்டையும் தனியாகப் போய் எடுத்துவிடுவதாக ரெனே சொன்னாள். செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒரு தாளை மடித்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை மதியம் மார்லிஸ் நூலகத்தில் ஷூவைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்து, அந்தப் பன்னிரண்டையும் நோட்டில் ஏற்றினாள். மூன்று புள்ளி ஒன்பது. நாலு புள்ளி இரண்டு. நாலு. நாலு புள்ளி மூன்று. மூன்று புள்ளி எட்டு. நாலு புள்ளி ஒன்று. எழுத எழுத அவள் கை மெதுவாயிற்று. தனி இன்ஜின் இல்லை. நடுத்தெருவில் நின்றுபோன ரயில் இல்லை. எல்லாம் சராசரியைச் சுற்றியே கைகட்டி நின்றன.

பென்சிலை எடுத்து மணி போல ஒரு படம் போட்டாள். நடுவில் நாலு புள்ளி ஒன்று. பன்னிரண்டும் அடங்குகிற மாதிரி இந்தப் பக்கம் மூன்றே முக்கால், அந்தப் பக்கம் நாலு புள்ளி நாலு ஐந்து. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் புள்ளி மூன்று ஐந்து தூரம். அதைத் திட்டவிலக்கமான இரண்டால் வகுத்தால் புள்ளி ஒன்று எட்டுக்குப் பக்கம். அட்டவணையில் விரலை வைத்துத் தேடினாள். மேல் எல்லைக்குப் புள்ளி ஐந்து ஏழு. கீழ் எல்லைக்குப் புள்ளி நாலு மூன்று. கழித்தால் புள்ளி ஒன்று நாலு. நூறு ரயில் போனால் பதினாலுதான் இந்த இடுக்குக்குள் விழும். ரெனேயின் ஞாயிற்றுக்கிழமையில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் விழுந்திருக்கிறதாம்.

புத்தகத்தின் பின்பக்கம் விடை பார்க்காமல் அவள் முழுசாகப் போட்டு முடித்த முதல் கணக்கு அது. அதில் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. டுவைனும் இப்படித்தான். லேட்டாக வரும்போதெல்லாம் ரயில் யார்டில் நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டார்கள் என்பான். ஒருநாள்கூட முப்பத்தைந்து கிடையாது, ஐம்பது கிடையாது. அப்போது அவளுக்கு இந்த அட்டவணை தெரியாது. அந்த நாற்பது பொய் என்பதை, அவனே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய நாளில்தான் தெரிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை வகுப்புக்கு முன்னால் கார் நிறுத்துமிடத்தில் ரெனேயைப் பிடித்தாள். தாளை அவள் காரின் பானட்டின்மேல் விரித்து வைத்தாள்.

"இதுல எத்தனை ரயில் நிஜம்?"

ரெனே தாளைப் பார்த்தாள். மார்லிஸின் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது கதை சொல்லப்போகிறாள் என்று மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். டுவைனுக்கு உடம்பு சரியில்லை என்பாள், கார் பஞ்சர் என்பாள்.

"ஒண்ணுகூட இல்ல" என்றாள் ரெனே. "தூங்கிட்டேன்."

"என்னது?"

"கேட்டுக்குப் பக்கத்துலதான் வண்டிய நிறுத்தினேன். சனிக்கிழமை ராத்திரி டியூட்டி முடிச்சிட்டு நேரா அங்கதான் வந்தேன். சீட்டைக் கொஞ்சம் சாய்ச்சேன். முழிச்சுப் பாத்தா மணி மூணு. அஞ்சு மணி நேரம், மார்லிஸ். கண்ணுக்கு முன்னால எத்தனை ரயில் போச்சோ, அத்தனை ஹாரனும் என் காதுல விழல."

ரெனேயின் கண்ணுக்குக் கீழே கன்றிப்போனது போலக் கறுத்திருந்தது. மருத்துவமனைச் சீருடையின் தோளில் ஏதோ கறை. மார்லிஸுக்கு அந்தத் தூக்கம் தெரியும். போன டிசம்பரில் பல்பொருள் அங்காடி வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அப்படித் தூங்கியவள்தான் அவள். யாரோ கண்ணாடியைத் தட்டி, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டார்கள்.

"அப்பவே எனக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்டயா? நான் எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்றது? ஏற்கெனவே நீங்க என்னப் பத்தி..." ரெனே பாதியில் நிறுத்தினாள்.

"உன்னப் பத்தி நான் நெனைக்கறது வேற கணக்கு. அதையும் இதையும் சேர்க்காத." மார்லிஸ் தாளை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டாள். "செவ்வாய்க்கிழமை குடுக்கணும். சனிக்கிழமை நான் லீவு எடுக்கறேன். ரெண்டு பேரும் போயி ஒழுங்கா பன்னெண்டையும் எடுப்போம். ஒருத்தி தூங்கினா இன்னொருத்தி எழுப்பலாம்."

சனிக்கிழமை நல்ல வெயில். ஏப்ரல் மாதத்துக் குளிர்காற்று இருந்தாலும் முதுகில் சூடு இதமாக விழுந்தது. மார்லிஸின் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, அதன்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். மார்லிஸ் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி கொண்டுவந்திருந்தாள். ஒன்றை எடுத்து ரெனேயின் பக்கம் நகர்த்தினாள். ரெனே ஃபிளாஸ்கைத் திறந்து இரண்டு கோப்பையிலும் ஊற்றினாள்.

முப்பதாவது ரயில் போன பிறகு ரெனே கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவரு இன்னிக்கு மேற்கேருந்து ஒரு வண்டி எடுத்துட்டு வர்றாரு. பன்னெண்டு மணிக்குள்ள இந்தப் பக்கம் வந்துரும்."

"வரட்டுமே. ரயில்னா வரத்தான செய்யும்."

"ப்ராஜெக்ட் யார்கூடன்னு அவர்கிட்ட நான் சொல்லல."

மார்லிஸ் கொலாச்சியை மெல்லுவதை நிறுத்தினாள். "மூணு வாரமாவா?"

"கேட்டாத்தான சொல்றதுக்கு? அவரு எங்க வீட்ல இருக்காரு? டியூட்டிக்கு வரச் சொல்லி போன் அடிக்கும், ஓடுவாரு. வந்தா தூங்குவாரு. உங்களுக்குத் தெரியாததா?"

மார்லிஸுக்குத் தெரியாததா? சமைத்து வைத்தது ஆறிப்போவது, பிறந்தநாள் கேக்கைப் பாதி வெட்டும்போது போன் அடிப்பது, கட்டிலில் இடதுபக்கம் எப்போதும் மடிப்புக் கலையாமல் கிடப்பது. இவளுக்காகத் தன்னை விட்டுப் போனவன் இவளுக்கும் அதையேதான் கொடுத்திருக்கிறான். இது தெரிந்தால் மனசுக்குள் ஒரு திருப்தி வரும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். திருப்தி ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆறு ரயில் பாக்கி என்றுதான் தோன்றியது.

பதினொன்றே முக்காலுக்குச் சிவப்பு விளக்கு மின்னியது. ரெனே கடிகாரத்தை அழுத்தினாள். மேற்கே வளைவில் மஞ்சள் இன்ஜின் தலையைக் காட்டியது. கேட்டுக்கு ஹாரன் அடிப்பதில் முறை ஒன்று உண்டு. இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். முதல் நீளம் வந்தது. இரண்டாவது நீளமும் வந்தது. இன்ஜின் நெருங்க நெருங்க, உயரத்து ஜன்னலில் ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தெரிந்தன. இருபத்திரண்டு வருஷம் பார்த்த தாடை. அந்தத் தலை கேட்டைப் பார்த்தது. வண்டியைப் பார்த்தது. பின்கதவில் ஒட்டி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த முதல் மனைவியையும் இரண்டாம் மனைவியையும் பார்த்தது. குட்டை ஹாரன் குட்டையாக நிற்கவில்லை. பிடித்த கையை எடுக்க மறந்தவன் போல அவன் அலறவிட்டுக்கொண்டே வந்தான். தொப்பி ஜன்னலில் மெல்ல அவர்கள் பக்கமாகத் திரும்பியது. வாய் திறந்திருந்தது. கேட்டைத் தாண்டி, தானியக் கிடங்கைத் தாண்டி, ஹாரன் ஊர் எல்லை வரை கேட்டுக்கொண்டே போனது.

ரெனே கையை உயர்த்தி ஒருமுறை அசைத்தாள். அதற்குள் இன்ஜின் போய்விட்டிருந்தது. அவள் நிலக்கரிப் பெட்டிகளைப் பார்த்துத்தான் கையசைத்தாள்.

"அந்த ஆளுக்கு இப்ப நெஞ்சு வலி வந்திரும்" என்றாள் மார்லிஸ்.

அதற்குத்தான் ரெனே வெடித்துச் சிரித்தாள். காப்பி மூக்கில் ஏறியது. இருமினாள், மறுபடி சிரித்தாள். மார்லிஸும் சிரித்தாள். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு வயிறு வலிக்கிற அளவுக்கு ஆயிற்று. நூற்று இருபது பெட்டி முன்னால் ஓட ஓட, இரண்டு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். கடைசியாக இப்படிச் சிரித்தது எப்போது என்று இருவராலுமே சொல்லியிருக்க முடியாது.

"டைம்! டைம பாருடி!" என்று மார்லிஸ்தான் கத்தினாள்.

நாலு புள்ளி ஆறு நிமிடம். முப்பத்தொன்றாவது ரயில் என்று நோட்டில் எழுதினாள். ஓட்டியவன் பெயருக்கு அதில் இடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பின் முன்னால் நின்று இருவரும் படித்துக்காட்டினார்கள். முப்பத்தாறு ரயில், சராசரி நாலு புள்ளி இரண்டு, திட்டவிலக்கம் ஒன்று புள்ளி எட்டு. முப்பத்தாறின் வர்க்கமூலம் ஆறால் வகுத்தால் புள்ளி மூன்று. அதை ஒன்று புள்ளி ஒன்பது ஆறால் பெருக்கினால் ஏறக்குறைய புள்ளி ஆறு. ஆகவே மூன்று புள்ளி ஆறு நிமிடத்திலிருந்து நாலு புள்ளி எட்டு நிமிடம் வரை.

ஓடெகார்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எல்லாரையும் மடக்குகிற அந்தக் கேள்வியைக் கேட்டார். "அப்படின்னா, உண்மையான சராசரி உங்க இடைவெளிக்குள்ள இருக்கறதுக்குத் தொண்ணூத்தஞ்சு சதவீதம் வாய்ப்பு. சரிதானே?"

ரெனே மார்லிஸைப் பார்த்தாள். போன வருஷம் இதே கேள்விக்கு ஆமாம் என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தவள் மார்லிஸ்.

"இல்ல சார்" என்றாள் அவள். "இதே மாதிரி நூறு தடவ போயி உக்காந்து நூறு இடைவெளி போட்டா, சுமாரா தொண்ணூத்தஞ்சுல உண்மையான சராசரி மாட்டும். இந்த ஒண்ணுல மாட்டியிருக்கா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சே ஆகணும்னாலும் நூறு தடவ அங்க போயி உக்கார எங்களால ஆகாது சார்."

இந்தத் தடவை வகுப்பு சிரித்தது. ஓடெகார்டும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஆனாலும் தன் வேலையை விடவில்லை. "மூணு நாளும் சனி ஞாயிறாவே இருக்கே? சனி ஞாயிறு ரயிலும் புதன்கிழமை ரயிலும் ஒண்ணாயிருமா?"

"ஆகாதுதான் சார். ஆனா புதன்கிழமை எங்க ரெண்டு பேருக்கும் வேலை" என்றாள் ரெனே.

அதற்கு மூன்று மதிப்பெண் குறைத்துக்கொண்டார்.

மே மாதம் இறுதித் தேர்வு. இரண்டு வாரம் கழித்து, சமையலறையில் மதியப் பாத்திரங்கள் இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது மார்லிஸ் போனில் முடிவைப் பார்த்தாள். எழுபத்து நாலு. தேர எழுபது வேண்டும். யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தாள். தட்டு அடுக்குகிறவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஏப்ரனைக் கழற்றினாள். போன் ஒருமுறை அதிர்ந்தது. ரெனே.

'எண்பத்தொண்ணு. உங்களுக்கு?'

'எழுபத்து நாலு. போதும்' என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினாள்.

'செப்டம்பர்ல வேதியியல். செவ்வாய், வியாழன் ரெண்டு மணி வகுப்பு. நீங்களும் எடுக்கணும்ல?'

எடுக்கத்தான் வேண்டும். அந்தச் சான்றிதழுக்குள் இன்னும் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ. மார்லிஸ் பதில் எழுதவில்லை. வீட்டுக்குப் போனாள். உடையைக்கூட மாற்றாமல் படுக்கையில் விழுந்தாள். மூன்று மணி வெயில் திரையைத் தாண்டி முகத்தில் அடித்தது. எழுந்து போய்த் திரையை இழுத்துவிட உடம்பு ஒத்துழைக்கவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை, கஞ்சி கொதிக்கும் நேரத்தில் அடுப்பருகே நின்றபடி எழுதினாள்: 'வியாழக்கிழமை என்னால சீக்கிரம் வர முடியாது. முன்வரிசையில இடம் பிடிச்சு வை. எனக்குப் பலகை சரியாத் தெரியமாட்டேங்குது.'